நானூற்றுப் பதினேழாவது விவசாயி

எங்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் மூன்றாவது மாடியில் அறுநூற்று நாற்பது விவசாயிகள் இருந்தார்கள். அத்தனை பேரும் கம்ப்யூட்டருக்குள். அவர்களுக்கு வியர்க்காது, முதுகு வலிக்காது, மனைவியிடம் திட்டு வாங்கும் பிரச்சினையும் கிடையாது. மழை குறைந்தால், வெயில் ஏறினால் என்ன செய்வார்கள் என்று பார்ப்பதற்காகவே அவர்களை வைத்திருந்தோம். ஒரு பொத்தானைத் தட்டினால் இருபது வருடம் ஒன்பது நிமிடத்தில் ஓடிவிடும். அந்த ஒன்பது நிமிடத்தில் நாங்கள் கீழே போய் டீ குடித்துவிட்டு வருவோம். திரும்பி வரும்போது சிலர் பயிரை மாற்றியிருப்பார்கள், சிலர் கிணறு வெட்டியிருப்பார்கள், சிலர் காணாமல் போயிருப்பார்கள். காணாமல் போனவர்களைப் பற்றி டீ ஆறுவதற்குள் ஒரு கட்டுரை எழுதிவிடலாம்.

பருவநிலை மாற்றத்துக்கு விவசாயிகள் எப்படி ஈடுகொடுக்கிறார்கள் என்பதுதான் ஆராய்ச்சித் தலைப்பு. நேரில் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ள இருபது வருடம் ஆகும், செருப்பு தேயும், சேறு ஒட்டும். அதனால் மாடல். மாடலை எழுதியவள் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை, யார் செய்த வேலை என்று யாரும் தேடி அலைய வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் துறைத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'சராசரி'. எதைக் கொடுத்தாலும் கூட்டி வகுத்துவிடுவார். ஒரு முறை அலுவலக ஏசியைப் பற்றிச் சண்டை வந்தது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவர்கள் வெந்துகொண்டிருந்தார்கள், ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்தவர்கள் சால்வை போர்த்திக்கொண்டிருந்தார்கள். இவர் இரண்டு மூலையிலும் வெப்பநிலையை அளந்து, கூட்டி வகுத்து, 'இருபத்தைந்து டிகிரி, எல்லாரும் சௌகரியமா இருக்கோம்' என்று சுற்றறிக்கை அனுப்பினார். அதற்கு மேல் யார் பேசுவது?

விவசாயிகளைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவருவதற்கு ஒரு படிவம் இருந்தது. முக்கியமான கேள்வி ஒன்றே ஒன்றுதான்: 'மழை மூன்று வாரம் தள்ளிப்போனால் என்ன செய்வீர்கள்?' அதற்கு நான்கு கட்டங்கள். பயிரை மாற்றுவேன், விதைக்கும் தேதியை மாற்றுவேன், கிணறு வெட்டுவேன், விவசாயத்தை விட்டுவிடுவேன். ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். கணக்கெடுக்கப் போனவர்கள் ஒரு மாதம் வெயிலில் அலைந்துவிட்டு முகம் கறுத்துத் திரும்பி வந்தார்கள். படிவங்களைப் புரட்டினால், இருநூற்று அறுபத்து மூன்று பேர் எந்தக் கட்டத்திலும் டிக் அடிக்கவில்லை. ஓரத்தில் மட்டும் 'பாக்கலாம்' என்று எழுதியிருந்தது. அவர்கள் சொன்னதை அப்படியே எழுதி வந்திருக்கிறார்கள். முதல் ஆளும் பாக்கலாம், நூறாவது ஆளும் பாக்கலாம்.

எனக்கு எரிச்சலாக வந்தது. படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியும் இப்படியா? ஐந்தாவது கட்டம் ஒன்று போட்டிருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு வரவில்லை. சாப்பாட்டுக்குப் பிந்தைய வேளை, கண் சொக்கியது. 'பாக்கலாம்' எல்லாவற்றையும் வெற்றுக் கட்டம் என்று வைத்துக்கொண்டேன். அதற்குக் கீழே ஒரு வரி எழுதினேன்: விதைக்கும் நேரத்தில் முடிவு இல்லையென்றால் நிலம் தரிசு, மூன்று வருடம் தரிசாகக் கிடந்தால் ஆள் விவசாயத்தை விட்டுப் போய்விட்டார். இது தற்காலிகம், அப்புறம் சரிபண்ணிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நான் தற்காலிகமாகச் செய்த எதையும் இதுவரை சரிபண்ணியதில்லை. என் வீட்டுக் குழாயைக் கேட்டால் சொல்லும்.

மாடலை ஓட்டினோம். நான்காம் வாய்க்காலின் கடைமடையில், அதாவது தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் இடத்தில், நூற்றுப் பன்னிரண்டு விவசாயிகள். அதில் தொண்ணூற்று ஏழு பேர் மூன்றாம் வருடம் கொத்தாகக் காணாமல் போனார்கள். திரையில் பச்சைப் புள்ளிகள் சாம்பல் நிறமாகின. சராசரிக்கு மூச்சு வாங்கியது. "இதுதாம்மா விஷயம்! இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்!" என்றார்.

அவரைவிட அதிகமாக மகிழ்ந்தவர் நீர்ப்பாசன அலுவலகப் பொறியாளர். கடைமடை மதகு அவருக்கு நெடுநாள் தலைவலி. கரை கசியும், ஷட்டர் துருப்பிடிக்கும், தண்ணீர் வரவில்லை என்று மாதத்துக்கு இரண்டு மனு வரும். அதை மூடிவிட்டுத் தண்ணீரை மேல்மடைக்கே திருப்பிவிட்டால் வேலை மிச்சம். ஆனால் மூடுவதற்கு ஒரு காரணம் வேண்டும். மூன்று வருடத்தில் அங்கே விவசாயியே இருக்கமாட்டான் என்று ஒரு ஆராய்ச்சி நிறுவனம் படம் போட்டுக் காட்டினால் அதைவிட நல்ல காரணம் எங்கே கிடைக்கும்? ஆளில்லாத இடத்துக்கு எதற்குத் தண்ணீர் என்று கேட்டார். நல்ல கேள்விதான்.

கடைமடையில்தான் என் அக்கா இருக்கிறாள்.

அப்பா, அம்மா போனபின் என்னை வளர்த்தவள் அவள். வளர்த்தவர்கள் என்று சொல்ல வேண்டும், அவள் புருஷனையும் சேர்த்து. மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர்களுக்கு மூன்று ஏக்கர். பிள்ளை குட்டி இல்லை. அந்த மூன்று ஏக்கரும் நானும்தான். அந்த நிலத்துச் சோற்றைத் தின்றுதான் கம்ப்யூட்டர் படித்தேன். எங்கள் ஆராய்ச்சியில் அவர்கள் ஊரும் வருகிறது என்று தெரிந்தபோது பெருமையாகக்கூட இருந்தது. அவர்களுக்கு ஏதோ நல்லது நடக்கப்போகிறதென்று நம்பினேன். அவ்வளவு புத்திசாலி நான்.

அறிக்கையை வெளியிடும் கூட்டத்துக்கு நான்கு நாள் இருந்தபோது அக்காவுக்குப் போன் செய்தேன். பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"இந்த வருஷம் மாமா என்னக்கா போடப்போறாரு?"

"யாருக்குடி தெரியும்? கேட்டா பாக்கலாம்ங்கறாரு."

"விதைக்கிற நேரம் வந்துடுச்சே, இன்னும் முடிவு பண்ணலையா?"

"என்னைக்கு அவரு முன்னாடியே சொல்லியிருக்காரு? பரண் மேல மூணு மூட்டை விதை கட்டி வெச்சிருக்காரு. நெல்லு ஒண்ணு, சோளம் ஒண்ணு, பயறு ஒண்ணு. தினமும் காலைல மதகுகிட்ட போயி தண்ணி எத்தனை படி ஏறியிருக்குன்னு பாக்கறது, மண்ணை எடுத்துப் பிசையறது, வர்றது. ரெண்டு படி தாண்டினா நெல்லு. ஒரு படின்னா சோளம். அதுவும் இல்லைன்னா பயறு. இங்க எல்லாரும் அப்படித்தான். கடைசியில வர்ற தண்ணிய நம்பி முன்கூட்டியே எவன் வாக்குக் குடுப்பான்?"

"அப்ப நிலம் தரிசா கிடக்கவே கிடக்காதா?"

"என்னடி லூசு மாதிரி கேக்கற? இந்த மனுஷன் தரிசா போட்டு நான் பாத்ததே இல்ல. போன தடவை மேல்மடைக்காரங்க எல்லாம் நெல்லைப் போட்டுட்டு காஞ்சு போயி நின்னாங்க. நாங்க சோளம் எடுத்தோம்."

பருவநிலைக்கு யார் ஈடுகொடுக்கிறார்கள் என்று இரண்டு வருடமாகத் தேடுகிறோம். ஈடுகொடுக்கத் தெரிந்த இருநூற்று அறுபத்து மூன்று பேரையும் வெற்றுக் கட்டமாக்கி ஒரே வரியில் நான் ஊரைவிட்டுத் துரத்தியிருக்கிறேன்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக அந்த வரியைத் திருத்தினேன். 'பாக்கலாம்' என்றவர்கள் விதைக்கும் வாரத்தில் தண்ணீரைப் பார்த்துப் பயிரை முடிவு செய்வார்கள் என்று மாற்றினேன். பொத்தானைத் தட்டினேன். டீ குடிக்கப் போகவில்லை. இருபது வருடத்தில் கடைமடையிலிருந்து ஏழே பேர்தான் போனார்கள். மழை பொய்த்த வருடங்களில் மற்ற எல்லாரையும்விட அவர்கள்தான் தாக்குப்பிடித்தார்கள்.

சராசரியின் அறைக்கு ஓடினேன். அவர் பிஸ்கட்டைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முழுக்கவும் கேட்டார். திரையையும் பார்த்தார். கோபப்படவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஏழு பேரா?" என்றார். "இதுல என்னம்மா இருக்கு? விவசாயிங்க இருக்காங்க, இருப்பாங்கன்னு சொல்றதுக்கு ஒரு நிறுவனம் வேணுமா?"

"சார், பழையது தப்பு. நான் பண்ணின தப்பு."

"இங்க பாரு. கம்ப்யூட்டர்ல இருக்கற வரைக்கும்தான் அது தப்பு. அறிக்கைக்குள்ள வந்துட்டா அது அனுமானம். அறிக்கை இன்னைக்கு அச்சுக்குப் போகுது. முப்பத்திரண்டாம் பக்கத்துல அனுமானங்கள்னு ஒரு பட்டியல் இருக்கு, அதுல பதினாலாவதா இதைச் சேர்த்துடு. நாம எதையும் மறைக்கலையே?"

"மதகை மூடப்போறாங்க சார்."

"மதகை மூடறது நீர்ப்பாசன அலுவலகம். நாம படம்தான் காட்டறோம்." பிறகு மிகவும் பரிவாக, தன் மகளிடம் கேட்பதுபோலக் கேட்டார்: "உன் ஒப்பந்தம் அடுத்த மாசம்தானே முடியுது? நீட்டிக்கச் சொல்லி எழுதணும்னு நெனச்சிக்கிட்டே இருக்கேன்."

பதினான்காவது அனுமானத்தை நானே தட்டச்சு செய்தேன். எழுத்துப்பிழை இல்லாமல்.

கூட்டம் ஒரு பெரிய ஹாலில் நடந்தது. முன்வரிசையில் அதிகாரிகள், நடுவரிசையில் எங்களைப் போன்றவர்கள், கடைசி இரண்டு வரிசையில் 'விவசாயிகள் பிரதிநிதிகள்'. உட்காரும் இடத்தில்கூடக் கடைமடைதான். டீயும் அவர்களுக்குக் கடைசியாகத்தான் போனது, போகும்போது ஆறியிருந்தது. மாமா வந்திருந்தார். என்னைப் பார்த்துக் கையை உயர்த்திக் காட்டினார். பக்கத்தில் இருந்தவரிடம் 'நம்ம வீட்டுப் பொண்ணு' என்று சொல்வது உதட்டசைவில் தெரிந்தது. நான் காகிதங்களை அடுக்குவதுபோலக் குனிந்துகொண்டேன்.

சராசரி படத்தை ஓடவிட்டார். பச்சைப் புள்ளிகள் மினுக்கின. ஒவ்வொரு புள்ளியும் ஒரு விவசாயி, உங்களில் ஒருவர் என்று நெஞ்சைத் தொட்டுச் சொன்னார். முதல் வருடம். இரண்டாம் வருடம். மூன்றாம் வருடம் வந்ததும் கடைமடை சாம்பலானது. முன்வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். ஒருவர் நமக்காகத் துக்கப்படுவதை நாமே உயிரோடு உட்கார்ந்து பார்ப்பது அந்தக் கடைசி இரண்டு வரிசைக்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

மாமா எழுந்தார். "ஐயா, நான் எந்தப் புள்ளி?"

சராசரிக்கு இது பிடித்துப்போனது. மக்கள் பங்கேற்பு என்று இதைத்தான் சொல்வார். வாய்க்காலையும் மதகையும் கேட்டு, வரைபடத்தில் தேடி, புள்ளியைக் கண்டுபிடித்துப் பெரிதாக்கிக் காட்டினார். "விவசாயி எண் நானூற்றுப் பதினேழு!"

"சரி. மூணாம் வருஷம் என்னைக் காணோமே, நான் எங்க போனேன்?"

"நீங்க... மாடலுக்கு வெளியே போயிட்டீங்க."

"வெளியேன்னா எங்க? அங்க தண்ணி இருக்கா?"

ஹாலே சிரித்தது. சராசரியும் சிரித்தார். மாமா மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு நிஜமாகவே பதில் வேண்டும்.

"இல்லைங்க, கிண்டலுக்குக் கேக்கல. முப்பது வருஷமா ஒரு தடவை தரிசா போட்டதில்ல. எதுக்காகப் போனேன்? எனக்கே தெரியாம எப்படிப் போவேன்?" என்று கேட்டுவிட்டு, சுற்றிப் பார்த்து, என்னைக் கண்டுபிடித்தார். அவர் முகம் தெளிந்தது. "இதைச் செஞ்சது எங்க வீட்டுப் பொண்ணுதான். அதைக் கேட்டா சரியா சொல்லும். சொல்லும்மா, நான் ஏன் போனேன்?"

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. யாரோ மைக்கைக் கையில் திணித்தார்கள். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நீங்கள் எங்கேயும் போகவில்லை மாமா, நான்தான் தூக்கக் கலக்கத்தில் உங்களை அழித்துவிட்டேன். இதைச் சொல்லியிருந்தால் பொறியாளர் மதகைத் தொட்டிருக்க முடியாது. சராசரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். புன்னகையோடுதான்.

"அது ஒரு அனுமானம், மாமா" என்றேன்.

அந்த வார்த்தை அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது. நான் சொன்னதால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார். தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். என்மேல் எனக்கு வந்த அருவருப்பை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கு நீட்டிக்கப்பட்டது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த மாதமே மதகை மூடினார்கள். மூடியதோடு விடாமல் வெல்டிங்கும் வைத்தார்கள். அக்கா போனில் அழுதாள். "நாங்கதான் இருக்கோமே, இல்லாதவங்கன்னு எப்படிடி சொல்றாங்க? நீ சொல்லி ஏதாவது பண்ண முடியாதா?" என்று கேட்டாள். மேலே பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தேன். எந்த மேலேயும் பேசவில்லை.

முதல் வருடம் மழையை நம்பிப் பயறு போட்டார்கள். இரண்டாம் வருடம் சிலர் கிணறு வெட்டிப் பார்த்தார்கள், உப்பாக வந்தது. பிறகு ஒவ்வொரு வீடாகப் பூட்டு தொங்கியது. மாமா மட்டும் தினமும் காலையில் காய்ந்த மதகுக்குப் போய் நின்றுவிட்டு வருகிறார் என்று அக்கா சொன்னாள். சொல்லும்போது அவள் திட்டக்கூட இல்லை.

மூன்றாம் வருட முடிவில் சராசரி எங்களைக் கூப்பிட்டார். நம் மாடல் சொன்னது பலித்ததா என்று சரிபார்க்க வேண்டும், உலகத்தில் யாரும் இவ்வளவு துணிச்சலாகச் செய்ததில்லை, பெரிய இதழ் ஒன்றில் கட்டுரை போடலாம் என்றார். ஆட்கள் போய் எண்ணிவிட்டு வந்தார்கள். போவார்கள் என்று நாங்கள் சொன்ன தொண்ணூற்று ஏழு பேரில் எண்பத்தாறு பேர் போய்விட்டிருந்தார்கள். இருப்பார்கள் என்று சொன்ன பதினைந்து பேர் எல்லாருக்கும் முன்னால் முதல் வருடமே போயிருந்தார்கள். "அவங்க போனதுக்குக் காரணம் வேற, அவங்களை விட்டுடலாம்" என்றார் சராசரி. மதகு என்ற சொல் கட்டுரையில் ஒரு இடத்திலும் இல்லை. நான் தேடிப் பார்த்தேன்.

"எண்பத்தொன்பது சதவீதம்!" என்று பலகையில் எழுதினார். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். திருப்தி வரவில்லை. "இன்னும் ஒரே ஒரு ஆள் போயிருந்தா தொண்ணூறு. தொண்ணூறுன்னா தலைப்புலயே போடலாம். அந்தப் பதினோரு பேர் ஏன் போகல? அதுதாம்மா நம்ம பிழை." பிறகு என்னிடம் திரும்பினார். "எண்ணிட்டு வந்து ரெண்டு வாரம் ஆச்சே. அதுக்கப்புறம் யாராவது போயிருக்கலாம். ஒரு போன் போட்டுப் பாரேன்."

பட்டியலை எடுத்துக்கொண்டு என் இடத்துக்குப் போனேன். அறையில் எல்லாரும் இருந்தார்கள். வரிசைப்படி பார்த்தால் நானூற்றுப் பதினேழு நடுவில் வரும். அதைத் தாண்டிவிட்டு மற்ற பத்துப் பேரையும் முதலில் கூப்பிட்டேன். எல்லாரும் இருந்தார்கள். ஒவ்வொருவர் இருக்கிறேன் என்று சொல்லும்போதும் எனக்கு உயிர் வந்தது. சராசரி என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஒவ்வொரு முறையும் பெருமூச்சு விட்டார்.

கடைசி எண்ணைத் தட்டினேன். அக்கா எடுத்தாள்.

"என்னடி, வேலை நேரத்துல கூப்பிடற?"

"சும்மாதான்க்கா. மாமா எப்படி இருக்காரு?"

"உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமதான் ரெண்டு நாளா கூப்பிடல. முந்தாநாள் எழுதிக் குடுத்துட்டோம்டி. மூணு ஏக்கரும். மனுஷன் கையெழுத்துப் போட்டுட்டு வந்து சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தவருதான், இன்னும் எழுந்திருக்கல. சாப்பிடச் சொன்னா, 'அந்தப் பொண்ணு அன்னைக்கே சொல்லிச்சு, நான்தான் கேக்கல'ங்கறாரு. உன்னைத்தான் சொல்றாரு. நீ ஒரு தடவை வந்து அவருகிட்ட பேசேன்."

பின்னால் சராசரி குனிந்து, "இருக்காங்களா, போயிட்டாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் திரும்பவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமல் ஒரு விரலை மட்டும் உயர்த்திக் காட்டினேன்.

"தொண்ணூறு!" என்று கத்தினார். அறை முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. யாரோ மேசையைத் தட்டினார்கள், யாரோ விசிலடித்தார்கள். அக்கா இன்னும் போனில்தான் இருந்தாள்.

"என்னடி அங்க அவ்வளவு சத்தம்? ஏதாவது நல்ல விஷயமா?" என்று கேட்டாள்.